நாற்பதைத் தாண்டியபின் கொடிமலை ஏற: தண்ணீர்மலையில் தொடங்கி 12 வாரப் பயிற்சி

பினாங்கில் கொடிமலைக்கு (பினாங் ஹில்) நடந்தே ஏறிவிட வேண்டும் என்று கிளம்பும் பலர், புதுச் சப்பாத்து வாங்கிய அதே ஞாயிற்றுக்கிழமை உச்சிவரை போய்விடுகிறார்கள். போய்ச் சேர்ந்தும் விடுவார்கள். திங்கட்கிழமை மாடிப்படி இறங்கக் கைப்பிடி தேவைப்படும். செவ்வாய்க்கிழமை வலி இன்னும் கூடும். அடுத்த ஞாயிறு முட்டிவலி என்று வீட்டோடு இருந்துவிட்டால் அத்தோடு சப்பாத்து அலமாரிக்குள் போய்விடும். இதில் மலைமேல் குற்றம் எதுவும் இல்லை. ஏறுவதற்கு மூச்சு தயாரா என்று பார்க்கிறோம். இறங்குவதற்குத் தொடை தயாரா என்று பார்ப்பதில்லை.

நாளெல்லாம் உட்கார்ந்து வேலை பார்த்து, வயிறு கொஞ்சம் முன்னே வந்து, மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்கும் நிலையில் இருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட திட்டம் இது. 12 வாரம் ஆகும். வாரத்தில் 4 நாள் நடையோ படியோ, நாளுக்கு 30 முதல் 60 நிமிடம் போதும்; அதோடு 2 நாள் சிறு தசைப்பயிற்சி. மலை நாள் மட்டும் நீளும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், 2 நாள் தசைப்பயிற்சியும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தத் திட்டம் அந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

மலையின் கணக்கு

1884-இல் உருவான பொத்தானிக்கல் கார்டனின் வாசல் அருகே தொடங்கும் ஜீப் ரோடு உச்சிவரை ஏறத்தாழ 5 கி.மீ. மேலே கொடிமரப் பகுதியின் உயரம் 735 மீட்டர். கீழே தொடங்கும் இடத்தின் உயரத்தைக் கழித்தால் ஏறவேண்டியது சுமார் 650 மீட்டர். இரண்டரைக் கொம்தார் கோபுரத்துக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் நடந்தால் 13 மீட்டர் உயர்கிறீர்கள். ஜிம்மில் உள்ள நடைபொறியை 13 விழுக்காட்டுச் சரிவில் வைத்து 10 நிமிடம் நடந்து பார்த்தால் இந்த எண்ணின் பொருள் புரியும். மலைக்கு இதைவிடத் தெளிவான முன்னோட்டம் இல்லை. தொடர்ந்து நடக்கும் பழக்கம் உள்ளவர் ஒன்றரை மணியில் ஏறிவிடுவார். முதல் தடவை போகிறவர் இரண்டரை முதல் 3 மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

இன்னொரு வழி மூன்கேட். கார்டன் வாசலுக்குச் சற்று முன்னால் சாலையோரம் வட்டமாக ஒரு பழைய வாசல் நிற்கும். அதன் வழியே ஏறும் காட்டுப்பாதை, ஏறத்தாழ பாதி உயரத்தில் 84 என்று எல்லாரும் சொல்லும் ஓய்விடத்தில் ஜீப் ரோட்டைத் தொடும். நிழல் அதிகம், கண்ணுக்கு அழகு, காலுக்கும் மண் மெத்தென்று இருக்கும். ஆனால் வேர், பாறை, ஒழுங்கில்லாத படி என்று ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்கவேண்டிய பாதை அது. முதல் 9 வாரம் ஜீப் ரோட்டையே பயன்படுத்துங்கள். அது அழகில்லாத சாலைதான். ஆனால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம், வழி தவறாது, ஏதாவது நேர்ந்தால் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளலாம்.

யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்

நெஞ்சுவலி வந்த வரலாறு உள்ளவர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர், இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) மருந்து எடுப்பவர், வீட்டில் அப்பாவோ அண்ணனோ இளவயதில் மாரடைப்பு கண்டிருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள், நெடுநாள் புகைப்பவர் ஆகியோர் முதல் வாரத்துக்கு முன்பே அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிலோ தங்கள் வழக்கமான மருத்துவரிடமோ போய்வர வேண்டும். “நடக்கலாமா?” என்று பொதுவாகக் கேட்டால் “நடங்கள்” என்றுதான் பதில் வரும். “2 மணி நேரத்தில் 650 மீட்டர் உயரம் ஏறப்போகிறேன்” என்று எண்ணோடு சொல்லுங்கள். அப்போதுதான் ஈசிஜி எடுப்பதா, மருந்து வேளையை மாற்றுவதா என்று அவர் யோசிப்பார்.

பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குக் கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு உதவாது. மருந்தே துடிப்பைத் தாழ்த்தி வைத்திருக்கும். அவர்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் பேச்சுச் சோதனையே நல்ல அளவுகோல். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு என்றானால் வேகம் கூடிவிட்டது. பாடவே முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் எட்டி நடக்கலாம்.

சப்பாத்து

மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். காலுறையோடு போட்டு நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். கடையில் சரிவுப்பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். இல்லையென்றால் சப்பாத்தின் முனையைத் தரையில் 2 தடவை தட்டுங்கள். விரல் முன்னே இடித்தால் அந்த அளவு வேண்டாம். இறங்கும்போது இந்த இடிதான் பெருவிரல் நகத்தைக் கறுப்பாக்கி, சில வாரத்தில் நகத்தையே கழற்றிவிடும். நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்தை இன்று மலேசிய மலையேறிகள் ‘அடிடாஸ் கம்போங்’ என்று செல்லமாகச் சொல்கிறார்கள். விலை மலிவு, ஈர மண்ணில் பிடி அபாரம், தண்ணீர் பட்டாலும் கவலையில்லை. மூன்கேட் பாதைக்கு அது நல்ல தேர்வு. ஜீப் ரோட்டுக்கு வேண்டாம். அடியில் மெத்தை இல்லாததால் 5 கி.மீ. தார், சிமென்டுத் தரையின் அடி முழுவதும் குதிகாலுக்கும் முட்டிக்கும் போகும். ஜீப் ரோட்டுக்குச் சாதாரண ஓட்டச் சப்பாத்து போதும்; அடிப்பகுதி தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட பழையது மட்டும் ஆகாது.

பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலை ஊறப்போடும்; கொப்புளம் வரும் வழி அதுதான். பாலியெஸ்டர் கலந்த விளையாட்டுக் காலுறை எடுங்கள். தொடைகள் உரசுபவர்கள் கிளம்புமுன் வேஸ்லின் தடவிக்கொள்ள வேண்டும். பினாங்கின் ஈரக் காற்றில் இதை விட்டவர்கள் அன்றிரவு குளிக்கும்போது நினைத்துக்கொள்வார்கள்.

முதல் 3 வாரம்: சமதளம்

வாரம் 4 நாள் நடை. முதல் வாரம் 30 நிமிடம், இரண்டாம் வாரம் 35, மூன்றாம் வாரம் 45. பொத்தானிக்கல் கார்டனின் கீழ்ச் சுற்று, பக்கத்திலுள்ள யூத் பார்க், ஊருக்குள் இருப்பவர்களுக்கு எஸ்பிளனேட் என்று எதுவானாலும் சரி. முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் மெதுவாக.

நடை இல்லாத 2 நாளில் 15 நிமிடத் தசைப்பயிற்சி உண்டு. நடையைவிட இதுதான் முக்கியம், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதலாவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது: 10 முறை, 3 சுற்று. உட்காரும்போது ‘தொப்’ என்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணி இறங்குங்கள். இரண்டாவது, குதிகால் உயர்த்தல்: சுவரைப் பிடித்துக்கொண்டு 15 முறை, 3 சுற்று. மூன்றாவது, படியிறக்கம்.

படியிறக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படியின் மேல் வலது காலில் நில்லுங்கள். இடது கால் படிக்கு வெளியே, காற்றில் தொங்கட்டும். வலது முட்டியை மடக்கி, மூன்று எண்ணுவதற்குள் இடது குதிகால் தரையைத் தொடும்வரை இறங்குங்கள். எடையைத் தரையில் வைக்காமல் லேசாகத் தொட்டுவிட்டு மேலே வாருங்கள். இறங்கும்போது வலது முட்டி, இரண்டாவது கால்விரலின் நேர்கோட்டில் போக வேண்டும். பெரும்பாலோருக்கு அது உள்பக்கமாகச் சாயும். இடுப்பின் பக்கத்தசை பலமில்லை என்று பொருள். கண்ணாடி முன் நின்று செய்தால் சாய்வது தெரியும். சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறைத்து, ஒரு தடித்த புத்தகத்தின் அளவில் தொடங்குங்கள். காலுக்கு 8 முறை, 3 சுற்று. முட்டிச் சில்லுக்கு அடியில் குத்தும் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடலாம்; தொடை எரிந்தால் தொடருங்கள்.

4 முதல் 6: படி

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மலை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஒரு மாடி சராசரி 3 மீட்டர். கொடிமலை முழுவதும் ஏறத்தாழ 217 மாடி. நான்காம் வாரம் ஒரு நாளைக்கு 10 மாடி, ஐந்தாம் வாரம் 15, ஆறாம் வாரம் 20. வாரத்துக்கு 2 நாள். 5 மாடிக்கு ஒருமுறை நின்று மூச்சை ஆற்றிக்கொள்ளுங்கள். நான்காம் வாரம் இறங்குவதற்கு மின்தூக்கியைப் பயன்படுத்துங்கள். ஐந்தாம் வாரம் 5 மாடி மட்டும் நடந்து இறங்குங்கள், ஆறாம் வாரம் 10. மற்ற 2 நாள் சமதள நடை 45 நிமிடம் தொடரட்டும், தசைப்பயிற்சியும் தொடரட்டும்.

இறங்குவதை இப்படி அளந்து அளந்து கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. நீளும் நிலையில் பாரம் தாங்கும்போது தசைநாரில் நுண்ணிய சேதம் ஏற்படும். மறுநாளிலிருந்து மூன்றாம் நாள்வரை தொடை கல்லாகிப்போவது இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், இந்தச் சேதத்தைத் தசை நினைவில் வைத்துக்கொள்ளும்: கொஞ்சமாக ஒருமுறை இறங்கினாலும், அடுத்த சில வாரம் அதே வேலைக்கு வலி வெகுவாகக் குறையும். சிறு தவணையாகக் கட்டினால் வட்டி இல்லை.

ஆறாம் வாரச் சனிக்கிழமை தண்ணீர்மலை. பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. தைப்பூசத்துக்கு வருஷம் ஒருமுறை மட்டும் இதை ஏறி, மறுநாள் காலைப் பிடித்துக்கொள்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நாற்பது நாள் விரதம் வயிற்றுக்கு இருந்தது, காலுக்கு இல்லை. கோயில் கோயில்தான், உடற்பயிற்சிக் கூடமல்ல என்பதால் காதில் பாட்டு, படியில் ஓட்டம் இரண்டும் வேண்டாம். காலணியை அங்குள்ள அறிவிப்பு சொல்லும் இடத்தில் விட்டுவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு இறங்குங்கள். வெறுங்காலில் ஏறுவதானால் காலை 8 மணிக்குள் முடித்துவிடுவது உள்ளங்காலுக்கு நல்லது. இனிப்புநீரால் பாத உணர்ச்சி மங்கியவர்கள் வெறுங்காலில் படிப்பயிற்சி செய்யவே கூடாது. பொசுங்கினாலும் கீறினாலும் தெரியாது. தைப்பூச வாரத்தில் இந்தப் பக்கம் சாலைகள் மூடப்படும், அப்போது பயிற்சியை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

7 முதல் 9: ஜீப் ரோடு, ஆனால் உச்சி வேண்டாம்

இனி வாரம் ஒரு நாள் மலை. ஏழாம் வாரம் 25 நிமிடம் ஏறித் திரும்புங்கள். எட்டாம் வாரம் 35. ஒன்பதாம் வாரம் 45. தூரத்தை வைத்துத் திட்டமிடாமல் நேரத்தை வைத்துத் திட்டமிடுவது முக்கியம். “அந்த வளைவுவரை போய்விடலாம்” என்று ஆரம்பித்தால் அடுத்த வளைவும் கூப்பிடும். கைப்பேசியில் அலாரம் வையுங்கள், அடித்ததும் திரும்புங்கள்.

ஜீப் ரோடு தொடக்கத்திலிருந்தே செங்குத்து. சமதளத்தில் நடந்த வேகத்தில் கால் வைத்தால் 5 நிமிடத்தில் நெஞ்சு அடைக்கும். அடியைப் பாதியாகக் குறையுங்கள். பாதம் முழுவதும் தரையில் பதியட்டும். நுனிக்காலில் ஏறினால் ஆடுதசை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மிகச் சரிவான இடங்களில் சாலையின் குறுக்கே பாம்புபோல் வளைந்து வளைந்து ஏறலாம், ஆனால் இந்தச் சாலையில் மலைவாசிகளின் வண்டிகளும் வேலை வண்டிகளும் ஓடுகின்றன. வளைவுகளில் குறுக்கே போகாதீர்கள். வண்டிச் சத்தம் கேட்டால் மலைச்சுவர் பக்கமாக ஒதுங்கி நின்றுவிடுங்கள். காதில் பாட்டு ஓடினால் சத்தமே கேட்காது.

இறங்கும்போது பின்னால் சாய்வது எல்லாருக்கும் இயல்பாக வரும் தவறு. சாய்ந்தால் குதிகால் நீட்டி விழும், முட்டி நேராகி அடியை அப்படியே வாங்கும், சப்பாத்தும் வழுக்கும். முட்டியைச் சற்று மடக்கி, உடலைச் சரிவுக்கு நேராக வைத்து, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். அடி வைக்கும் சத்தம் கேட்காமல் இறங்க முயன்றால் இந்த மூன்றும் தானாக அமையும். கைத்தடி வைத்திருப்பவர்கள் இரண்டாக வைத்துக்கொள்வது நல்லது: ஏறும்போது முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரம், இறங்கும்போது அதைவிட 5 முதல் 10 செ.மீ. நீளம். இறங்கத் தொடங்குமுன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தள்ளி உட்காரவைத்து, கணுக்காலருகே இறுக்கமாகக் கட்டுங்கள். நகம் பிழைக்கும்.

மலைக்குப் போகாத வாரநாட்களில் 2 நாள் படி, ஒரு நாள் சமதளம், 2 நாள் தசைப்பயிற்சி. ஒரு வாரம் தவறினால் முந்தைய வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். மூன்று வாரம் தவறினால் ஒரு கட்டம் பின்னே போங்கள். விட்டதைப் பிடிக்க இரண்டு மடங்கு செய்தால் அடிபடும்.

தண்ணீர், பசியாறல், இனிப்புநீர்

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. 29 பாகை வெப்பத்திலும் உடல் சூடேறிப்போவது இதனால்தான். உங்களுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை நீங்களே அளக்கலாம்: மலைக்குப் போகுமுன் உள்ளாடையோடு எடை பாருங்கள், வந்தபின் துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். வழியில் குடித்ததை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். பலருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர்வரை குடித்தால் சரியாக இருக்கும். அரைநாள் மலைக்கு 1.5 லிட்டர் எடுத்துப் போங்கள். ஒரே மூச்சில் ஒரு போத்தலைக் காலி செய்யாமல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உப்பும் வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் வீட்டிலேயே உப்புச்சீனிக் கரைசல் தயார். எலுமிச்சை பிழிவது உங்கள் விருப்பம். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இரத்த அழுத்தக்காரர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

கிளம்புவதற்கு ஒரு மணி முன்பு 2 இட்லி, அல்லது ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு ரொட்டியும் போதும். வெறும் வயிற்றில் ஏறினால் கொழுப்பு கரையும் என்று நம்பி வந்து பாதியில் தலைசுற்றி உட்காருபவர்கள் உண்டு.

திரும்பி வந்து மாமாக் கடையில் உட்காரும் நேரத்தைப் பற்றியும் கணக்கோடு பேசிவிடலாம். 75 கிலோ எடையுள்ளவர் 650 மீட்டர் ஏறுவதற்கு உடல் செலவழிப்பது சுமார் 450 கலோரி. இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரேக்கும் அதை எளிதாகத் தாண்டிவிடும். சாப்பிடக் கூடாது என்பதல்ல. எடை குறைக்க மலையேறுபவர் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்), ஒரு தோசை, ஓர் அவித்த முட்டை என்று முடித்துக்கொண்டால் கணக்கு உதைக்காது.

இன்சுலின் போடுபவர்களும் கிலிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் கிளம்புமுன் விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டு, அளவு உயர்ந்தபின் கிளம்புங்கள். 14-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று மலை வேண்டாம். வழியில் கைநடுக்கம், குளிர்வியர்வை, காரணமில்லாத எரிச்சல், குழப்பம் வந்தால் சர்க்கரை 4-க்குக் கீழே போயிருக்கலாம். உடனே உட்கார்ந்து ஒரு மேசைக்கரண்டி சீனியோ குளூக்கோஸ் மாத்திரையோ வாயில் போட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். சாக்லேட் இதற்கு உதவாது; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மலையேறிய அன்றிரவும் சர்க்கரை இறங்கலாம் என்பதால் படுக்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

மழை, புகைமூட்டம், குரங்கு

பினாங்கில் சூரியன் 7 மணிக்கு மேல்தான் எழும். 7 மணிக்குத் தொடங்கினால் 11-க்குள் முடித்துவிடலாம். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். திட்டத்தை டிசம்பர் கடைசியில் தொடங்கினால் உலர்ந்த மாதங்கள் கைகொடுக்கும். இடி கேட்டால் இறங்கத் தொடங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். 2017 நவம்பர் பெருமழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்து ஜீப் ரோடும் சேதமடைந்தது. அதனால் இரவெல்லாம் கொட்டிய மறுநாள், வானம் வெளுத்திருந்தாலும், பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். சாலையோரப் பச்சைப்பாசிதான் வழுக்குவதில் முதலிடம். வண்டிச்சக்கரம் பட்டுத் தேய்ந்த நடுப்பகுதியில் கால் வையுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் ஐ.பி.யூ. என்னும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் மலைக்கு விடுமுறை. வேகமாக மூச்சிழுக்கும்போது தூசும் அதே வேகத்தில் உள்ளே போகும். அந்த வாரங்களில் வீட்டுக்குள் தசைப்பயிற்சி மட்டும்.

குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பைச் சத்தம்தான் சாப்பாட்டு மணி. கையில் பை, பழம், திறந்த போத்தல் எதுவும் தெரியக்கூடாது. கண்ணுக்குக் கண் பார்ப்பதையும் பல்லைக் காட்டிச் சிரிப்பதையும் அவை மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள்.

10, 11, 12: பாதி, பாதி, முழுவது

பத்தாம் வாரம் 84-வரை ஏறித் திரும்புங்கள். தன்னார்வலர்கள் அங்கே தேநீர் வைத்திருப்பதுண்டு. குடித்தால் உண்டியலில் ஏதாவது போடுங்கள், ஆனால் அதை நம்பித் தண்ணீரைக் குறைத்து எடுத்துப்போகாதீர்கள். ஆசைப்பட்டால் இந்த வாரம் மூன்கேட் வழியாக ஏறி ஜீப் ரோட்டில் இறங்கலாம். ஏறுவதற்குக் காடு, இறங்குவதற்குச் சாலை என்பதே பாதுகாப்பான வரிசை. பதினோராம் வாரம் அதே பாதியை மறுபடி செய்து, வாரநாள் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். பன்னிரண்டாம் வாரத்துக்குத் தசை ஓய்ந்திருக்க வேண்டும்.

உச்சி நாளில் முதுகுப்பையில்: 1.5 லிட்டர் நீர், வாழைப்பழம் அல்லது பேரீச்சம்பழம், மாற்று டி-ஷர்ட், மெல்லிய மழைச்சட்டை, பிளாஸ்டர், விசில், மைகார்டு, கொஞ்சம் ரொக்கம், முழுவதும் மின்னேற்றிய கைப்பேசி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. துணைக்கு ஒருவர் வேண்டும். வீட்டில் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

முதல் ஒரு மணி நேரத்தை வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். 84-இல் 10 நிமிடம் ஓய்வு. அதற்கு மேல் 20 நிமிட நடை, 3 நிமிட நிற்றல். காலை 10 மணிக்கு இன்னும் உச்சிக்கு அரை மணிக்கு மேல் இருக்கிறது என்றால் திரும்பிவிடுங்கள். கீழே இருப்பதைவிட மேலே சுமார் 4 பாகை குளிர்ச்சி. நனைந்த சட்டையோடு காற்றில் உட்கார்ந்தால் தசை இறுகும். முதலில் சட்டையை மாற்றிக்கொண்டு, அருளொளி திருமுருகன் கோயிலில் ஒரு கும்பிடு போடலாம்.

பிறகு கொடிமலை ரயிலில் இறங்குங்கள். முதல் மூன்று உச்சிப் பயணத்துக்கும் இதுவே எங்கள் கண்டிப்பான ஆலோசனை, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஏறிக் களைத்த தொடையோடு 5 கி.மீ. இறங்கும்போதுதான் கால் தடுமாறும், முட்டி கெடும். ஒருவழிச் சீட்டு எடுக்கலாம். மைகார்டைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணம். ரயில் பராமரிப்புக்காகச் சில நாள் நிற்பதுண்டு, முந்திய நாளே பார்த்துவிடுங்கள். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: ரயில் உங்களை இறக்கிவிடுவது ஆயர் ஈத்தாம் பக்கம், கார் நிற்பதோ பொத்தானிக்கல் கார்டனில். காலையிலேயே கிராப்பில் வந்து தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை. பேருந்து என்றால் கார்டனுக்கு 10, ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் 204.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு ஆகியவை வந்தால் அங்கேயே உட்கார்ந்து 999-ஐ அழையுங்கள். கூட வந்தவர் உளறினாலோ, நடை தள்ளாடினாலோ, கேட்டதற்குப் பொருந்தாமல் பதில் சொன்னாலோ வெப்பத்தாக்கமாக இருக்கலாம். வியர்வை வழிகிறதே என்று ஏமாறாதீர்கள். நிழலில் கிடத்தி, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம்.

எந்த வலிக்கு என்ன பொருள்

இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி மந்தமான வலி, இரண்டாம் நாள் கூடி நான்காம் நாள் போய்விடுகிறது என்றால் அது தசைவலி. சமதளத்தில் 20 நிமிடம் மெதுவாக நடந்தால் தேறும். முட்டிச்சில்லைச் சுற்றி, படியிறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் வலித்தால் படியிறக்கப் பயிற்சியின் உயரத்தைக் குறைத்து 2 வாரம் மலையிறக்கத்தை நிறுத்துங்கள். முட்டியின் வெளிப்பக்கம், இறங்கத் தொடங்கிச் சில நிமிடத்தில் கத்தி வைத்ததுபோல் வந்தால் இடுப்பின் பக்கத்தசை பலமில்லை. பக்கவாட்டில் படுத்து மேற்காலைத் தூக்கும் பயிற்சி, காலுக்கு 12 முறை, 3 சுற்று. காலையில் படுக்கையிலிருந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் பாதத்தின் அடிப்பட்டை புண்பட்டிருக்கிறது, பெரும்பாலும் படியையோ தூரத்தையோ சட்டென்று கூட்டியதால். படுக்கையிலிருந்து எழுமுன் துண்டால் பாதத்தை உங்கள் பக்கம் 30 விநாடி இழுத்துப்பிடியுங்கள், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடுங்கள். வீக்கம், ஒருபக்கம் மட்டும் கூர்மையான வலி, முட்டி பூட்டிக்கொள்வது, நிற்கையில் முட்டி நழுவுவது என்று எது வந்தாலும் மருத்துவரிடம் போகவேண்டியதுதான்.

நாலாவது உச்சிப் பயணத்திலிருந்து இறக்கத்தைச் சேர்க்கலாம். முழுதும் வேண்டாம். ரயிலில் மேலே போய், ஓய்ந்த காலோடு ஜீப் ரோட்டில் நடந்து இறங்கிப் பாருங்கள். அது 2 தடவை வலியில்லாமல் முடிந்தால் அதன்பிறகு ஏறியே இறங்கலாம். மலை மாதம் இரண்டு முறை போதும். படியும் நாற்காலிப் பயிற்சியும் வாரம் 2 நாள் விடாமல் நடக்க வேண்டும்.